அரசு உதவி வழக்கு நடத்துநர் ஆக விரும்புகிறவர்களுக்கு

வரப்புத் தகராறில் ஒருவருக்கு மண்டை உடைகிறது. லாரி மோதி ஒரு குடும்பத் தலைவர் இறந்துபோகிறார். பூட்டிய வீட்டில் நகை திருடுபோகிறது. இப்படிப் பாதிக்கப்பட்டவர்கள் நீதிமன்றத்துக்கு வரும்போது, வக்கீல் வைக்கப் பணம் இருக்கிறதா என்று அவர்களிடம் யாரும் கேட்பதில்லை. வழக்கை அரசே நடத்துகிறது. நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில் அரசு என்பது, மேசையில் வழக்குக் கட்டுகளை அடுக்கிவைத்துக்கொண்டு நிற்கும் ஒரே ஒருவர்தான். பதவியின் பெயர் அரசு உதவி வழக்கு நடத்துநர். நீதிமன்ற வளாகத்தில் எல்லோரும் சொல்வது ஏ.பி.பி.

இந்தப் பணிக்கு வர நினைக்கும் இளம் வழக்கறிஞர்களுக்காக, தமிழ்நாட்டு நடைமுறையை வைத்து இதை எழுதுகிறேன். தேர்வைப் பற்றி மட்டும் பேசினால் பாதிதான் சொன்னதாகும். பணியில் சேரும் முதல் நாளிலிருந்தே இது தலைமை ஏற்கும் வேலை. ஆனால் கட்டளையிட்டு வேலை வாங்க உங்களுக்குக் கீழே யாரும் இருக்க மாட்டார்கள். காவல் ஆய்வாளர் உங்களுக்குக் கட்டுப்பட்டவர் இல்லை. அரசு மருத்துவரும் இல்லை. சாட்சிகள் நிச்சயமாக இல்லை. இவர்கள் எல்லோரும் வழக்குக் கட்டை முழுக்கப் படித்தவர் யாரோ அவர் பேச்சைத்தான் கேட்பார்கள்.

முதலில் பதவிகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள்

அரசு வக்கீல் என்ற ஒரே சொல்லில் பலரையும் அடக்கிப் பேசுவதால், புதியவர்கள் இங்கேயே குழம்பிப்போகிறார்கள். நடுவர் நீதிமன்றங்களில் வழக்கு நடத்தும் ஏ.பி.பி. நிரந்தர அரசு ஊழியர். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் மூலம் தேர்வு எழுதி வருபவர். மாவட்ட அமர்வு நீதிமன்றத்தில் கொலை, கொள்ளை போன்ற வழக்குகளை நடத்தும் அரசுக் குற்றவியல் வழக்கறிஞர், அதாவது பி.பி., பொதுவாக வெளியில் தொழில் செய்யும் வழக்கறிஞர்களிலிருந்து அரசால் நியமிக்கப்படுகிறவர். இதற்குக் குறைந்தது 7 ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்திருக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர், அமர்வு நீதிபதியைக் கலந்து பெயர்ப்பட்டியல் தயாரிக்க வேண்டும் என்கிறது சட்டம். தனி வழக்குகளுக்கென நியமிக்கப்படும் சிறப்பு அரசு வழக்கறிஞருக்கு 10 ஆண்டு அனுபவம் தேவை. உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு முற்றிலும் வேறு அமைப்பு.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 18, 19, 20 ஆகிய பிரிவுகள். 18 அரசு வழக்கறிஞர்களைப் பற்றியது, 19 ஏ.பி.பி.க்களைப் பற்றியது, 20 வழக்குத் தொடர்வு இயக்ககத்தைப் பற்றியது. மூன்றையும் வரி வரியாக ஒரு முறை படித்துவிடுங்கள். நீங்கள் சேரப்போகும் வீட்டின் வரைபடம் அங்கேதான் இருக்கிறது.

ஒரு காலத்தில் நடுவர் நீதிமன்றங்களில் காவல் அதிகாரிகளே வழக்கு நடத்தினார்கள். புலன் விசாரணை செய்த துறையே நீதிமன்றத்தில் வாதாடினால் நியாயம் தள்ளாடும் என்பதால் 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இரண்டையும் பிரிக்க வழிசெய்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம், 1995இல் எஸ்.பி.ஷஹானே வழக்கில், காவல் துறையிலிருந்து விலகிய தனி வழக்குத் தொடர்வுத் துறையை அமைக்க உத்தரவிட்டது. காவல் துறைக்கும் உங்களுக்கும் இடையிலான அந்தத் தூரம் போராடிப் பெற்றது என்பதை மனத்தில் வையுங்கள். பணியில் சேர்ந்த பிறகு அதை அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

பட்டம், பதிவு, பார் தேர்வு

இதில் நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. 3 ஆண்டு அல்லது 5 ஆண்டுச் சட்டப் படிப்பு. தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு. அகில இந்திய பார் தேர்வில் தேர்ச்சி. பதிவுக் கட்டணம் குறித்து ஒன்று: 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய்க்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்க்கும் மேல் பதிவுக் கட்டணமாக வாங்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. வசதியில்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

5 ஆண்டுகளை எங்கே செலவிடுவது?

ஏ.பி.பி. நிலை-II பதவிக்கு, குற்றவியல் நீதிமன்றங்களில் குறைந்தது 5 ஆண்டுகள் தொடர்ந்து தொழில் செய்திருக்க வேண்டும் என்பது தகுதி. பலர் இதை வெறும் காத்திருப்பாக நினைக்கிறார்கள். என் பார்வையில், நீங்கள் எப்படிப்பட்ட வழக்கு நடத்துநராக வருவீர்கள் என்பது இந்த ஆண்டுகளில்தான் முடிவாகிறது.

விசாரணை நீதிமன்றத்தில் தினமும் நிற்கிற ஒரு சீனியரிடம் சேருங்கள். பெரிய பெயர் உள்ள அலுவலகம் என்பதற்காகப் போய், ஆண்டு முழுக்க வாய்தா வாங்கும் வேலையை மட்டும் செய்துகொண்டிருந்தால் தேர்வுக்கும் உதவாது, பணிக்கும் உதவாது. குறுக்கு விசாரணைக்குக் கேள்விகளை எழுதித்தரச் சொல்கிற சீனியர் கிடைத்தால் விடாதீர்கள். எதிரித் தரப்பில், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக, நின்று 5 ஆண்டுகள் அரசுத் தரப்பின் ஓட்டைகளைத் தேடியவருக்கு, பிற்பாடு அந்த ஓட்டைகள் எங்கே விழும் என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞர் பட்டியலில் இடம்பெற முயலுங்கள். வக்கீல் வைக்க முடியாமல் சிறையில் இருப்பவருக்காக ஜாமீன் மனு போட்டு வாதாடியவர், நாளை அரசுத் தரப்பில் நின்று ஜாமீனை எதிர்க்கும்போது எதை எதிர்க்க வேண்டும், எதை எதிர்க்கக்கூடாது என்று பிரித்துப்பார்ப்பார்.

இன்னொன்றை முதல் ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள். எந்த நீதிமன்றத்தில், எந்த வழக்கு எண்ணில், எந்தத் தரப்பில் ஆஜரானீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து, வக்காலத்து நகல்களையும் தீர்ப்பு நகல்களையும் சேர்த்து வையுங்கள். விண்ணப்பிக்கும் நேரத்தில் தொழில் அனுபவத்தை மெய்ப்பிக்க வேண்டியிருக்கும். அப்போது பழைய கட்டுகளைத் தேடி நீதிமன்றம் நீதிமன்றமாக அலைய நேரம் இருக்காது.

தேர்வு

முதனிலை, முதன்மை என்று நிலைகளாக நடக்கிறது. பாடத்திட்டமும் மதிப்பெண்ணும் அறிவிக்கைக்கு அறிவிக்கை மாறக்கூடும் என்பதால், பயிற்சி மையங்களின் கையேடுகளை நம்பாமல் தேர்வாணையத்தின் அறிவிக்கையையே முழுதும் படியுங்கள். தொடக்க அடிப்படை ஊதியம் மாதம் 56,100 ரூபாய், படிகள் தனி.

படிப்பில் இப்போது ஒரு கூடுதல் சுமை இருக்கிறது. 2024 ஜூலை 1க்கு முன்பு நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். அதற்குப் பின் நடந்ததற்கு பாரதிய நியாய சன்ஹிதா. பழைய வழக்குகள் நீதிமன்றங்களில் இன்னும் பல ஆண்டுகள் ஓடும். ஆகவே இரண்டு எண் வரிசைகளும் நாக்கு நுனியில் இருக்க வேண்டும். நடைமுறைச் சட்டத்திலும் அப்படித்தான்: காவலர் முன் பதிவான சாட்சி வாக்குமூலம் பழைய 161, புதிய 180. நடுவர் பதிவு செய்யும் வாக்குமூலம் பழைய 164, புதிய 183. குற்றப்பத்திரிகைக்குப் பழைய 173, புதிய 193. எண்களை மட்டும் உருப்போடாமல், எங்கெங்கே சட்டம் உண்மையிலேயே மாறியிருக்கிறது என்று தனியாக ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். வழக்கை வாபஸ் பெறும்போது பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்ற புதிய விதி, பிரிவு 360இல் வந்திருக்கிறது. சோதனையையும் கைப்பற்றுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று 105 சொல்கிறது. தேர்வுக்கு இவை தேவை. பணிக்கு இன்னும் தேவை.

தமிழில் எழுதிப் பழகுங்கள். விசாரணை நீதிமன்றத்தில் சாட்சியம் தமிழில்தான் பதிவாகிறது. "கண்ணுற்ற சாட்சி", "பார்வை மகஜர்", "சான்றுப் பொருள்" போன்ற சொற்கள் தடையில்லாமல் வர வேண்டும்.

பணியில் சேர்ந்ததும்: கட்டைப் படிக்கும் முறை

நான் அதிகம் சொல்ல விரும்புவது இந்த இடத்தில்தான். ஒரு நாளுக்குப் பட்டியலில் எத்தனையோ வழக்குகள் இருக்கும். சாட்சி கூண்டில் ஏறிய பிறகு கட்டைப் பிரிக்கும் பழக்கம் ஒருமுறை வந்துவிட்டால் போகாது. முந்தைய நாள் மாலையே, மறுநாள் சாட்சி வருகிற வழக்குகளை மட்டுமாவது பிரித்துப் படித்துவிட வேண்டும்.

ஓர் அடிதடி வழக்கை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் முதலில் படிப்பது முதல் தகவல் அறிக்கையை. நீங்கள் முதலில் மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் நகலை எடுங்கள். காயம்பட்டவர் மருத்துவரிடம் என்ன சொன்னார் என்று அதில் ஒரு வரி இருக்கும்: இத்தனை மணிக்கு, இன்ன இடத்தில், தெரிந்த நபர்கள் இருவர் கட்டையால் தாக்கியதாக. அதன் பிறகு குற்றப்பத்திரிகையைப் பாருங்கள். எதிரிகள் ஐந்து பேர், அதில் ஒருவர் கையில் அரிவாள் என்று இருந்தால், உங்கள் வழக்கின் மையப் பிரச்சினை அந்த இரண்டு தாள்களுக்கு இடையில் இருக்கிறது. இருவர் எப்படி ஐவர் ஆனார்கள்? உண்மையிலேயே ஐவர் வந்து, வலியில் துடித்தவர் இருவரை மட்டும் சொன்னாரா? அல்லது பழைய பகையில் மூன்று பெயர்கள் பின்னால் சேர்ந்தனவா? காயங்களின் எண்ணிக்கை, காயத்தின் தன்மை, எந்த ஆயுதத்தால் வந்திருக்கும் என்ற மருத்துவரின் கருத்து, மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெட்டுக் காயமே இல்லாமல் அரிவாள் எப்படி வந்தது?

அடுத்து நேரங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். சம்பவ நேரம், மருத்துவமனையில் சேர்ந்த நேரம், புகார் பெறப்பட்ட நேரம், முதல் தகவல் அறிக்கை நடுவரிடம் வந்து சேர்ந்த நேரம். கடைசியில் சொன்னது அறிக்கையின் மேலேயே நடுவரின் சிறுகையொப்பத்தோடு குறிக்கப்பட்டிருக்கும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையை அங்கிருந்துதான் தொடங்குவார். தாமதத்துக்கு நேர்மையான காரணம் இருந்தால், நீங்களே சாட்சியைக் கேட்கும் முதன்மை விசாரணையிலேயே அதைச் சாட்சியின் வாயால் கொண்டுவந்துவிடுங்கள். குறுக்கு விசாரணையில் வெளிவந்தால் அதே காரணம் சாக்குப்போக்கு போலத் தோன்றும்.

திருட்டு வழக்காக இருந்தால் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கவனியுங்கள். காவலரிடம் சொன்ன ஒப்புதல் முழுவதும் சான்றாகாது. பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டிய பகுதி மட்டுமே ஏற்கத்தக்கது. அந்தப் பகுதியை மட்டும் பிரித்துக் குறியீடு செய்யுங்கள். சிசிடிவி பதிவோ கைபேசித் தகவலோ இருந்தால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 63ஆம் பிரிவின்படி அந்த மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் கட்டில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். அது இல்லையென்று தெரியவரும் நாள், இறுதி வாதத்தின் நாளாக இருக்கக்கூடாது.

சாட்சிகளை நடத்தும் விதம்

காலை பத்து மணிக்குச் சம்மனோடு வந்து, மாலை வரை மரத்தடியில் நின்று, வழக்கு தள்ளிவைக்கப்பட்டது என்று கேட்டுத் திரும்பிப்போன கூலித் தொழிலாளி அடுத்த முறை மனம் வந்து வர மாட்டார். வந்தாலும் சீக்கிரம் முடிந்தால் போதும் என்று சமாதானமாகப் பேசிவிட்டுப் போவார். முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சிகள் எல்லோரும் விலைபோனவர்கள் இல்லை; அலைக்கழிக்கப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. சாட்சி வந்ததும் பெயர் சொல்லி அழைத்து, உட்கார இடம் காட்டி, எத்தனை மணி அளவில் விசாரணை வரும் என்று சொல்லுங்கள். சாட்சிப் படி உண்டென்றால் அதைப் பெற வழிகாட்டுங்கள்.

விசாரணைக்கு முன்பு அவரிடம் பேசலாம், சொல்லிக்கொடுக்கக்கூடாது. "அம்மா, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். மறந்திருந்தால் மறந்துவிட்டது என்று சொல்லுங்கள்." இவ்வளவு போதும். கூண்டில் ஏறும் முதல் அனுபவத்தில் நடுங்கும் ஒருவருக்கு இந்த மூன்று வரிகள் பெரிய துணை.

அப்படியும் சாட்சி மாறிப்பேசினால் பதற வேண்டாம். நீதிமன்ற அனுமதியோடு, சாக்ஷிய அதிநியத்தின் 157ஆம் பிரிவின் கீழ் நீங்களே அவரைக் குறுக்கு விசாரணை செய்யலாம். பிறழ் சாட்சி என்று அறிவித்தவுடன் அவருடைய சாட்சியம் முழுவதும் குப்பைக்குப் போவதில்லை. மற்ற சான்றுகளோடு பொருந்துகிற பகுதியை நீதிமன்றம் ஏற்க முடியும். முதன்மை விசாரணை முடிந்ததும் குறுக்கு விசாரணையை மாதக்கணக்கில் தள்ளிப்போட அனுமதிப்பதை 2015இல் வினோத் குமார் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது. அந்த இடைவெளியில்தான் சாட்சியின் வீட்டுக் கதவு தட்டப்படுகிறது. எதிர்த்தரப்பு வாய்தா கேட்கும்போது எழுந்து நின்று ஆட்சேபம் தெரிவியுங்கள். ஆட்சேபத்தைப் பதிவு செய்யவும் கேளுங்கள்.

காவல் துறையோடு உறவு

நீதிமன்றக் காவலரிலிருந்து தொடங்குங்கள். சம்மன் போய்ச் சேர்ந்ததா, சான்றுப் பொருள் எங்கே இருக்கிறது, எந்தச் சாட்சி வெளியூர் போய்விட்டார் என்பதெல்லாம் முதலில் தெரிந்தவர் அவர்தான். அவரை மரியாதையாக நடத்துகிற ஏ.பி.பி.யின் வழக்குகள் நகரும்.

ஆய்வாளரோடு விவாதம் வரும். அவருக்கு உத்தரவிடும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. உங்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் அவருக்கும் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஆர்.சரளா எதிர் டி.எஸ்.வேலு வழக்கில், அரசு வழக்கறிஞரின் கருத்தைப் பெற்று இறுதி அறிக்கை தாக்கல் செய்யும்படி சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவை, உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் ரத்து செய்தது. புலன் விசாரணையின் முடிவு விசாரணை அதிகாரியுடையது என்பது அதன் சாரம். குறைகளைக் கண்டால் வாய்மொழியாகக் கடிந்துகொள்ளாமல், தேதியிட்டு எழுதிக் கொடுங்கள்: இன்ன சான்றிதழ் இல்லை, இன்ன சாட்சியை விசாரிக்கவில்லை, மேல் விசாரணை தேவைப்படலாம். எழுத்தில் இருப்பதை யாரும் மறுக்க முடியாது. பொறுப்பும் அதனதன் இடத்தில் நிற்கும்.

தண்டனை உங்கள் இலக்கு இல்லை

புதியவர்கள் பலருக்கு இது மனத்தில் பதியத் தாமதமாகிறது. எதிரி எப்படியாவது தண்டிக்கப்பட வேண்டும் என்ற வேட்கை அரசு வழக்கறிஞருக்கு இருக்கக்கூடாது என்று 1999இல் சிவ் குமார் எதிர் ஹுகும் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எதிரிக்குச் சாதகமான ஒன்றை அவருடைய வழக்கறிஞரே கவனிக்காமல் விட்டால்கூட, அதை நீதிமன்றத்தின் பார்வைக்குக் கொண்டுவரும் பொறுப்பு அரசு வழக்கறிஞருக்கு உண்டு என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

நடைமுறையில் இது எங்கே வரும்? மேலே சொன்ன அடிதடி வழக்கில், பின்னால் சேர்க்கப்பட்ட மூன்று பேரில் ஒருவர் சம்பவ நேரத்தில் வேறோர் ஊரில் வேலையில் இருந்ததற்கான ஆவணம் காவல் நிலையக் கோப்பிலேயே கிடக்கலாம். அதை மறைத்துவிட்டு வாங்கும் தண்டனை அரசின் வெற்றி ஆகாது. விசாரணைக் கைதி ஒருவர், அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்குக் காலத்தைச் சிறையிலேயே கழித்திருந்தால், உரிய விதிவிலக்குகளுக்கு உட்பட்டு அவரை ஜாமீனில் விடுவிக்க நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு வழிசெய்கிறது. அப்படிப்பட்டவருடைய மனுவை வழக்கம் என்பதற்காக எதிர்க்காதீர்கள். நீங்கள் நியாயமான இடத்தில் விட்டுக்கொடுப்பதைப் பார்த்த நடுவர், நீங்கள் கடுமையாக எதிர்க்கும் நாளில் உங்கள் சொல்லுக்குக் காதுகொடுப்பார்.

வழக்கை வாபஸ் பெறுவது தனி விஷயம். அரசு விரும்பலாம், எழுதலாம். ஆனால் மனு போடுவது நீங்கள். கட்டைப் படித்து, பொதுநலன் என்ன என்று நீங்களே யோசித்து முடிவெடுத்ததாக அந்த மனு காட்ட வேண்டும். மேலிருந்து வந்த கடிதத்தைத் தலைப்பு மாற்றித் தாக்கல் செய்வது உங்கள் பதவியையே விட்டுக்கொடுப்பதாகும்.

மாவட்டப் பொறுப்பு வரும்போது

நிலை-II, நிலை-I, அதன் மேல் உதவி இயக்குநர், துணை இயக்குநர் என்று படிகள் போகின்றன. புதிய சட்டத்தின் 20ஆம் பிரிவு இந்த அதிகாரிகளுக்கு வேலையைப் பகிர்ந்து தந்திருக்கிறது. 10 ஆண்டுகளும் அதற்கு மேலும் தண்டனை உள்ள வழக்குகளையும், ஆயுள், மரண தண்டனைக்குரிய வழக்குகளையும் இயக்குநர் கண்காணிப்பார். மேல்முறையீடு பற்றிய கருத்தும் அவருடையது. 7 ஆண்டு முதல் 10 ஆண்டுக்குள் உள்ள வழக்குகளில் காவல் அறிக்கையைப் பரிசீலிப்பதும் கண்காணிப்பதும் துணை இயக்குநர் வேலை. 7 ஆண்டுக்குக் குறைந்தவை உதவி இயக்குநருக்கு.

கண்காணிப்பு என்றவுடன் மாதாந்திர அட்டவணை நிரப்புவதோடு நிற்கிற அலுவலகங்கள் உண்டு. அது வேலையே இல்லை. விடுதலையில் முடிந்த வழக்குகளின் தீர்ப்புகளைப் படியுங்கள். 2014இல் குஜராத் மாநிலம் எதிர் கிஷன்பாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு விடுதலையும் ஏன் நடந்தது என்று ஆராயும் ஏற்பாட்டை எல்லா மாநிலங்களும் செய்ய வேண்டும், அந்தத் தவறுகளிலிருந்து பயிற்சி வகுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இதை மாவட்ட அளவில் செய்யத் தனி நிதி வேண்டாம். மாதம் ஒரு சனிக்கிழமை, மாவட்டத்து ஏ.பி.பி.க்கள் எல்லோரையும் உட்காரவைத்து, விடுதலைத் தீர்ப்புகள் சிலவற்றை எடுத்து, வழக்கு எந்தப் பக்கத்தில் சரிந்தது என்று பேசுங்கள். ஒரே காவல் நிலையத்தின் வழக்குகளில் மின்னணுச் சான்றிதழ் தொடர்ந்து இல்லாமலிருப்பது அங்கே தெரியவரும். ஒரே மருத்துவமனையின் காயச் சான்றிதழ்களில் ஆயுதம் பற்றிய கருத்து எப்போதும் விடுபட்டிருப்பது தெரியவரும். காவல் கண்காணிப்பாளருக்கும் மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கும் விவரங்களோடு ஒரு கடிதம் எழுதினால், அடுத்த ஆண்டு வரும் கட்டுகளில் மாற்றம் தெரியும். கூட்டத்தில் யாரையும் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டாதீர்கள். சாட்டினால் அடுத்த மாதம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இளையவர் ஒருவர் போக்சோ வழக்கில் முதல் முறையாகக் குழந்தையை விசாரிக்கும் நாளில், முடிந்தால் நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். அவர்மீது உள்ளூர்ச் செல்வாக்குள்ளவர்களின் அழுத்தம் வருவதாகத் தெரிந்தால், அந்தக் கட்டு பற்றிய பேச்சு இனி என் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மேலதிகாரி முன்னால் நிற்கிறார் என்று தெரிந்தால் இளையவர் துணிந்து வழக்கு நடத்துவார்.

நீதிபதி ஆகும் வழி அடைபடுமா?

அடைபடாது. அரசு ஊதியம் பெற்றாலும் நீதிமன்றத்தில் ஆஜராகி வழக்கு நடத்தும் அரசு வழக்கறிஞர், வழக்கறிஞர் என்ற தகுதியை இழப்பதில்லை என்று 2013இல் தீபக் அகர்வால் எதிர் கேசவ் கௌசிக் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே 7 ஆண்டு அனுபவம் கேட்கும் மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வுக்கு நீங்களும் விண்ணப்பிக்கலாம். துறையின் முன்அனுமதி பெற்று விண்ணப்பிப்பது, பணிப்பதிவேட்டைச் சரியாக வைத்திருப்பது ஆகிய இரண்டையும் முன்கூட்டியே கவனித்துக்கொள்ளுங்கள்.